மணி இருக்கிற வீட்டுக்கு எந்த நாய்?

வாசகர் கேள்வி: மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம். நான் பள்ளி ஆசிரியை. கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். வீட்டில் மாமியார், ஆறாம் வகுப்பு படிக்கும் மகன், ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகள். மாலையில் பத்துப் பிள்ளைகள் டியூஷனுக்கு வருவார்கள். எங்களிடம் மணி என்று ஒரு ஆண் நாய் இருக்கிறது. ஏழு வயது. தாய், நீடாமங்கலத்தில் ஒரு அரிசி ஆலைக்காரர் வீட்டு லேப்ரடார். தகப்பன் தெருநாய். பார்த்தால் லேப் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மகனுக்கு இப்போது 'ஜாதி நாய்' வேண்டுமாம். ராஜபாளையம், லேப், ஹஸ்கி என்று நாளுக்கொரு பெயர் சொல்கிறான். பக்கத்து ஊரில் ஒருவர், பிறந்து முப்பது நாளான லேப் குட்டி இருக்கிறது, உடனே எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். இதற்கிடையில் போன மாதம் மணி சாப்பிடும்போது மகள் கிட்டே போய்விட, அது உறுமிவிட்டது. "கலப்பு நாய்க்குப் புத்தி நிலைக்காது. எங்காவது கொண்டுபோய் விட்டுவிட்டு நல்ல ஜாதிக் குட்டியாக வாங்குங்கள்" என்கிறார்கள். மாமியார் மணியை நிலைப்படி தாண்ட விடமாட்டார். ஆனால் வடித்த சோற்றில் முதல் கைப்பிடி அதற்குத்தான். எங்கள் வீட்டுக்கு எந்த நாய் சரிப்படும்? மணியை என்ன செய்வது?

கால்நடை மருத்துவர் பதில்:

டீச்சர், உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மணியை எங்கும் கொண்டுபோய் விடாதீர்கள். ஏழு வருஷம் ஒரே வாசலில் படுத்த நாயை வேறு ஊரில் இறக்கிவிட்டால், அங்கே ஏற்கெனவே இருக்கும் நாய்கள் அதைச் சும்மா விடாது. பசிக்கும் பஸ்ஸுக்கும் தப்பினால்கூட அந்தக் கடிகளுக்குத் தப்புவது கஷ்டம். வளர்த்த பிராணியை இப்படிக் கைவிடுவது 1960-ம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. யோசனை சொன்னவர்களுக்கு இது தெரிந்திருக்காது.

இப்போது உறுமலுக்கு வருவோம். நாய் உறுமுவது எச்சரிக்கை. "கிட்ட வராதே, எனக்குப் பிடிக்கவில்லை" என்பதை அதற்குத் தெரிந்த மரியாதையான வழியில் சொல்கிறது. மணி கடிக்கவில்லை, பாயவில்லை, சொல்லிவிட்டு நின்றுகொண்டது. இதற்காக அதை அடித்தோ அதட்டியோ இருந்தால் இனிமேல் வேண்டாம். உறுமினால் அடி விழும் என்று கற்றுக்கொண்ட நாய் உறுமுவதை நிறுத்திவிடும். அடுத்த தடவை எச்சரிக்கை இல்லாமல் நேராகப் பல் படும். முன்னறிவிப்பே இல்லாமல் கடித்துவிட்டது என்று எங்களிடம் கொண்டுவரப்படும் நாய்களில் பலவற்றுக்கு இப்படி ஒரு பழைய கதை இருக்கும்.

ஏழு வருஷமாக உறுமாத நாய் இப்போது ஏன் உறுமுகிறது என்பதுதான் நான் கேட்கும் கேள்வி. இந்த வயதில் திடீரென்று குணம் மாறினால், கலப்பு ரத்தத்தை நினைப்பதற்கு முன்னால் வலியைத்தான் நினைக்க வேண்டும். மணியின் வாயைத் திறந்து கடைவாய்ப் பல்லைப் பாருங்கள். மஞ்சளும் பழுப்புமாகக் காரை படிந்து ஈறு சிவந்திருந்தால், சாப்பிடும் நேரம்தான் அதற்கு வலிக்கும் நேரம். காதை முகர்ந்து பாருங்கள். புளித்த வாடை வந்தால் காதில் புண். படுத்து எழும்போது பின்னங்கால் தயங்குகிறதா? லேப் வம்சத்தில் இடுப்பு மூட்டுக் கோளாறு அதிகம். மணிக்கும் அதில் ஒரு பங்கு வந்திருக்கலாம்.

இன்னொன்று உண்ணிக் காய்ச்சல். டெல்டாவில் நான் பார்க்கும் நாய்களில் இது இல்லாத வாரமே கிடையாது. நாய் சோர்ந்து இருக்கும், சிடுசிடுக்கும், சாப்பாட்டைப் பாதியில் விடும், ஈறு வெளுத்திருக்கும். சில நாய்களுக்கு மூக்கில் ரத்தம் வரும். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசிப் பார்த்து, தட்டணுக்களையும் எண்ணினால் பெரும்பாலும் தெரிந்துவிடும். எர்லிக்கியா வகைக் காய்ச்சல் என்றால் டாக்ஸிசைக்ளின் மாத்திரையை ஏறக்குறைய நான்கு வாரம் விடாமல் கொடுக்க வேண்டும். நான்காவது நாளே நாய் வாலை ஆட்டிக்கொண்டு சாப்பிட ஆரம்பித்துவிடும், வீட்டில் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். ரெண்டு மாதத்தில் மறுபடி அதே காய்ச்சலோடு வரும்.

நாயின் உடம்பில் தெரிகிற உண்ணியை மட்டும் பிடுங்கிப் பிரயோஜனம் இல்லை. பெட்டை உண்ணி ரத்தம் குடித்து நிரம்பியதும் கீழே இறங்கி, சுவர் விரிசலிலும் திண்ணை இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டை வைக்கும். மணி படுக்கும் இடத்துக்கு நேர் மேலே சுவரைப் பாருங்கள், ஏறிக்கொண்டிருப்பதே தெரியும். விரிசலைப் பூசுங்கள். மருந்து அடிப்பதாக இருந்தால் என்ன மருந்து, எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு என்று கேட்டுவிட்டு அடியுங்கள். வயலுக்கு அடிக்கும் மருந்தை நாய் மேல் தடவுவது நம் பக்கத்தில் இன்னும் நடக்கிறது. உண்ணியோடு நாயும் போய்விடும். வலி என்று நினைத்து வீட்டிலிருக்கும் பாராசிட்டமால், டைக்ளோஃபெனாக் மாத்திரைகளையும் கொடுத்துவிடாதீர்கள். மனிதர்களுக்கு அன்றாட மாத்திரை அது. நாயின் கல்லீரலையும் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

வலியும் காய்ச்சலும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் பழக்கம் பற்றிப் பேச வேண்டும். மணிக்குச் சோறு வைக்கும் இடத்தைக் கொல்லைப்புறம் ஒரு மூலைக்கு மாற்றுங்கள். அது சாப்பிடும் நேரத்தில் பிள்ளைகள் அந்தப் பக்கம் போகக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். "பழகட்டும்" என்று தட்டில் கை வைப்பதும், பாதியில் தட்டை இழுப்பதும் நேர்மாறாகத்தான் வேலை செய்யும். நீங்களோ மாமியாரோ சற்றுத் தள்ளி நடந்து போகும்போது ஒரு துண்டு அவித்த முட்டையைத் தட்டுப் பக்கம் போட்டுவிட்டு நிற்காமல் போய்விடுங்கள். ஆள் வந்தால் சோறு குறையாது, கூடும் என்று அதற்கே சில நாளில் விளங்கும்.

மணிக்கு வெறிநோய்த் தடுப்பூசி இந்த வருஷம் போட்டிருக்கிறதா என்று கடிதத்தில் இல்லை. இல்லையென்றால் முதல் வேலை அதுதான். ஜூலை 6 அன்று, அதாவது 1885-ல் லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு முதன்முதலில் வெறிநோய் ஊசி போட்ட நாளில், அரசு கால்நடை மருந்தகங்களில் இலவச முகாம் நடக்கும். அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை, எந்த நாளும் போட்டுக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கு எந்த நாயின் பல் பட்டாலும், கீறல்தானே என்று விடாமல், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் வேண்டாம்.

"கலப்பு நாய்க்குப் புத்தி நிலைக்காது" என்ற பேச்சுக்கும் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் மகன் காதிலும் அது விழுந்திருக்கும். 2022-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. 18,000-க்கும் மேற்பட்ட வீட்டு நாய்களின் குணத்தை, வளர்ப்பவர்களிடம் விவரமாகக் கேட்டு எழுதினார்கள். அவற்றில் ரெண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவையும் படித்தார்கள். ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் குணத்தில் இருக்கும் வேறுபாட்டில் இனத்தைக் கொண்டு விளக்க முடிந்தது சுமார் 9 சதவீதம்தான். மற்றதெல்லாம் அந்தந்த நாயின் பிறப்பு, வளர்ப்பு, வயது, வீடு. இனத்தால் ஒன்றுமே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. ஓடுவதைக் கண்டால் துரத்துவது, எறிந்ததைக் கவ்வி வருவது போன்ற சில பழக்கங்கள் வம்சத்தோடு வரும். ஆனால் கோபமும் சாந்தமும் சர்ட்டிஃபிகேட்டில் எழுதி வருவதில்லை.

உடல்நலத்தில் கலப்பு நாய்தான் கெட்டி என்றும் சொல்வார்கள். அதுவும் முழு உண்மை இல்லை. கலிஃபோர்னியாவில் 27,000-க்கும் மேற்பட்ட நாய்களின் மருத்துவக் குறிப்புகளை வைத்து 24 பரம்பரைக் கோளாறுகளைப் பார்த்தார்கள், 2013-ல் முடிவு வந்தது. பத்துக் கோளாறுகள் ஜாதி நாய்களில் அதிகம். பதின்மூன்றில் வித்தியாசம் இல்லை. ஒன்று, முழங்கால் தசைநார் அறுந்துபோவது, கலப்பு நாய்களில்தான் கொஞ்சம் அதிகம். ஆகவே மணி நாட்டு ரத்தம்தானே, அதற்கு ஒன்றும் வராது என்று ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

மணி லேப் மாதிரி இல்லையே என்று மகன் வருத்தப்பட்டால் இதைச் சொல்லுங்கள். காது நிற்பதா மடிவதா, வால் சுருள்வதா நேராக நிற்பதா, முடி கட்டையா நீளமா என்பதையெல்லாம் கொஞ்சம் மரபணுக்களே முடிவு செய்துவிடும். வெளித்தோற்றத்தில் அம்மாவின் அடையாளம் ஒன்றும் இல்லாமல், உள்ளே அவள் கொடுத்த பாதி அப்படியே இருக்கலாம். மணிக்கு வாய்க்காலைக் கண்டால் இறங்காமல் இருக்க முடியாது என்று நினைக்கிறேன், சரியா?

சரி, எந்த நாய்? இந்தக் கேள்வியோடு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். இருபத்துநாலு மணி நேரமும் அந்த நாய் உங்கள் வீட்டில் எங்கே இருக்கும், யாரோடு இருக்கும்? உங்கள் கடிதத்தில் அதற்குப் பதில் இருக்கிறது. மாமியார் நிலைப்படி தாண்ட விடமாட்டார். நீங்கள் காலையில் பள்ளிக்குப் போனால் மாலையில்தான் வருவீர்கள். பிள்ளைகளும் அப்படியே. மாலையில் பத்துப் பிள்ளைகள் வந்து போவார்கள். இதை வைத்துப் பார்த்தால் பட்டியலில் பாதிப் பெயர் தானாகவே அடிபட்டுப் போகும். மாமியாரின் மனத்தை மாற்றச் சொல்லி நான் கேட்க மாட்டேன். வாசலோடு நிற்பது ஒரு குறை என்று மணிக்குத் தோன்றியிருக்காது, அதற்குத் திண்ணையும் தெருவும் கொல்லையும் இருக்கின்றன. முதல் கைப்பிடிச் சோறும் இருக்கிறது. கேள்வியெல்லாம் வருகிற நாய்க்கு அந்த ஏற்பாடு ஒத்துவருமா என்பதுதான்.

ஹஸ்கி வேண்டவே வேண்டாம். சைபீரியப் பனியில் வண்டி இழுக்கப் பிறந்த நாய். இரட்டை அடுக்கு ரோமம். சித்திரை வெயிலில் திருவாரூர்ப் பக்கம் அது மூச்சிரைத்துக் கிடப்பதைப் பார்க்கவே பாவமாக இருக்கும். தமிழக அரசு 2024-ல் வெளியிட்ட நாய் வளர்ப்புக் கொள்கை, நம் தட்பவெப்பத்துக்குப் பொருந்தாத இனங்களை இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்று ஒரு பட்டியலே போட்டது. ஹஸ்கி அதில் இருக்கிறது, விளம்பரங்களில் வந்த, பக் என்ற தட்டை மூக்கு நாயும் இருக்கிறது.

ராஜபாளையம் வேறு விஷயம். அழகான நாய், நம் நாய். 2005-ல் தபால்தலையிலேயே வந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலிப் பேச்சில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பெயர் சொன்னதிலிருந்து, அதுவரை வெளிநாட்டு நாய் கேட்டவர்களும் இவற்றை விசாரிக்கிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் ராஜபாளையம் காவலுக்கு வளர்த்த இனம். வீட்டு ஆள் நாலு பேர் என்று அது கணக்கு வைத்துக்கொண்டால் ஐந்தாவது ஆள் அந்நியன்தான். உங்கள் வீட்டிலோ தினமும் பத்து அந்நியர்கள் பையை மாட்டிக்கொண்டு ஓடி வருவார்கள். மாலை ஆறு மணிக்குக் கட்டிப்போடலாமே என்பீர்கள். தினமும் ஆள் வரும் நேரம் பார்த்துச் சங்கிலி போட்டால், அந்த ஆட்கள் மேலேயே அதன் கோபம் திரும்பும். அப்புறம், தூய வெள்ளை ராஜபாளையங்களில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் உண்டு. வாங்குகிறவர்கள் குட்டிக்குப் பின்னால் நின்று கை தட்டிப் பார்க்காமல் வாங்கக் கூடாது. கூட்டமாக இருக்கும்போது தட்டினால் மற்றக் குட்டிகளைப் பார்த்து அதுவும் திரும்பிவிடும், தனியாக வைத்துத் தட்டுங்கள்.

மகன் இன்னும் சொல்லவில்லை, ஆனால் அடுத்து சிப்பிப்பாறை, கன்னி என்று வருவான். அவை தென்மாவட்டத்து வறண்ட வெட்டவெளியில் முயல் துரத்த உருவான நாய்கள். கண்ணுக்கு எட்டியது ஓடினால் கால் தானாகக் கிளம்பிவிடும். நம் ஊர் நிலத்தை நினைத்துப் பாருங்கள். நாலு வயலுக்கு ஒரு வாய்க்கால், நடுவில் ரோடு. சம்பா அறுவடை முடிந்ததும் தாள் நிற்கும் வயலில் வாத்துக் கூட்டம் இறங்கும். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கீதாரிகள் ஆட்டைக் கொண்டுவந்து கிடை போடுவார்கள். அந்தப் பருவத்தில் சிப்பிப்பாறை ஒன்றை அவிழ்த்துவிட்டால் பிற்பகலுக்குள் ஒரு பஞ்சாயத்து வீட்டு வாசலுக்கு வரும். செத்த வாத்துக்கு விலை கொடுக்கலாம். கிடையைக் காக்கும் நாய்களிடம் அது கடிபட்டு வந்தால் தையல் போடுவது என் வேலையாகும். கரிசலில் அது ராஜா, மறுப்பில்லை. சதுப்பு வரப்பில் அதற்கு ஓட்டமும் இல்லை, நிம்மதியும் இல்லை. வேட்டைக்கென்று யாராவது கேட்டால், 1972-ம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் முயலையும் காக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.

லேப்ரடார்தான் உங்கள் மகனின் உண்மையான ஆசை என்று தோன்றுகிறது. மணியின் அம்மா கதை அதற்குக் காரணமாக இருக்கலாம். நல்ல நாய், பிள்ளைகளோடு ஒட்டும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களிடம் தண்ணீரில் வேலை பார்த்த வம்சம், அதனால் மேட்டூரில் தண்ணீர் திறந்து வாய்க்காலில் வரும்போது நம்மைவிட அதற்குத்தான் கொண்டாட்டம். ஆனால் ரெண்டு சங்கடம். ஒன்று, வயிறு. 2016-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் லேப்களில் பசி அடங்காமல் செய்யும் ஒரு மரபணு மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். ஏறக்குறைய நான்கில் ஒரு லேப்புக்கு அது உண்டு. மாமியாரின் சோறு, டியூஷன் பிள்ளைகள் ஆளுக்கொரு பிஸ்கட், மகளின் தட்டில் மிச்சம் எல்லாம் போனால் மூன்றே வயதில் அது உருண்டையாகி, இடுப்பு மூட்டு தாங்காமல் உட்கார்ந்துவிடும்.

இரண்டாவது சங்கடம்தான் பெரியது. லேப்புக்கு மனிதர் வேண்டும். நிலைப்படிக்கு வெளியே எட்டு மணி நேரம் தனியாக இருப்பதை மணி ஒரு பொருட்டாக நினைக்காது, தெருவே அதற்குத் துணை. லேப் அப்படி இருக்காது. செருப்பு, துவைத்த துணி, மோட்டார் ஒயர் எதுவும் மிஞ்சாது. கடைசியில் சங்கிலி வரும். சங்கிலியில் கட்டி வளர்ந்த லேப் ஒன்றையாவது பார்த்திருப்பீர்கள், ஆள் வந்தால் பைத்தியம் பிடித்த மாதிரி குதிக்கும். ராஜபாளையம் கடித்த கதையைவிட, இப்படி லேப் மேலே குதித்ததில் கீழே விழுந்த பாட்டிகளைப் பற்றித்தான் என்னிடம் அதிகம் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த முப்பது நாள் குட்டியை எக்காரணம் கொண்டும் எடுக்காதீர்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ம் ஆண்டு விதியே இருக்கிறது. விதிக்காக மட்டும் சொல்லவில்லை. கடித்தால் எவ்வளவு வலிக்கும் என்பதைக் குட்டி கற்பது அம்மாவிடமும் கூடப் பிறந்தவையிடமும், ஐந்தாவது வாரத்துக்கும் எட்டாவது வாரத்துக்கும் இடையில். அந்தப் பாடம் படிக்காமல் வருவது உங்கள் மகளின் கையில்தான் படிக்கும். வயதைக் கூட்டிச் சொல்வார்கள், ஆகவே வாயைப் பாருங்கள். எட்டு வாரக் குட்டிக்குப் பால்பற்கள் ஏறக்குறைய எல்லாமே முளைத்திருக்கும். தாயைக் காட்டச் சொல்லுங்கள். "தாய் வேறு ஊரில் இருக்கிறது" என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

குட்டிகளைத் தாக்கும் பார்வோ என்ற வைரஸ் நோயும் ஒரு காரணம். முப்பது நாளில் பிரித்த குட்டியை வாங்கி வந்து, நாலாவது நாள் வாந்தியும் ரத்தக் கழிச்சலுமாக மடியில் வைத்துக்கொண்டு வருவார்கள். எல்லாக் குட்டியையும் எங்களால் காப்பாற்ற முடிவதில்லை. அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் இருக்கும். ஒரு குட்டி அதில் போன வீட்டில், தடுப்பூசி வரிசை முடியாத இன்னொரு குட்டியை வருஷம் திரும்பும் முன் கொண்டுவரக் கூடாது. தரையை ப்ளீச்சிங் தண்ணீரில் கழுவலாம், மண் தரையை என்ன செய்வது?

என் ஓட்டு எதற்கு என்று கேட்டால், உங்கள் தெருவிலேயே பிறக்கும் நாட்டுக் குட்டிக்கு. பெட்டைக் குட்டி. மழைக்காலம் முடிந்து மார்கழி, தை வாக்கில் வைக்கோல் போர் அடியிலும் களத்து மேட்டிலும் குட்டிகள் நிறைய இருக்கும். மகனைக் கூட்டிக்கொண்டு நாலைந்து நாள் போய்த் தள்ளி உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு முதலில் பாய்ந்து வருவதும் வேண்டாம், கடைசிவரை போருக்குள்ளேயே ஒளிந்துகொள்வதும் வேண்டாம். கொஞ்சம் யோசித்துவிட்டு, பிறகு வந்து விரலை முகர்ந்து பார்க்கிறதே, அது. தாய் நாய் மனிதர்களிடம் எப்படி நடந்துகொள்கிறது என்பதையும் கவனியுங்கள், அதன் பயம் குட்டிக்கும் தொற்றும். ஆண் வேண்டாம் என்பதற்குக் காரணம் மணி. ஒரே வாசலில் ரெண்டு ஆண் என்றால் சின்னது வளர்ந்து ஒன்றரை வயதாகும்போது சண்டை வரும். மகனுக்கு இது ஏமாற்றமாக இருக்கும், தெரியும். ஊசித் தேதி, எடை, உண்ணி பார்த்த நாள் எல்லாவற்றுக்கும் ஒரு நோட்டுப் போட்டு அவன் பொறுப்பில் விடுங்கள். ரெண்டு வருஷம் அந்த நோட்டு ஒழுங்காக இருந்தால், அவன் பிளஸ் டூ முடித்து வீட்டில் பெரியவனாக இருக்கும்போது ராஜபாளையம் பற்றி நானே அவனிடம் பேசுகிறேன்.

குட்டி வருவதற்கு முன்னால் மணிக்கு ரெண்டு காரியம் ஆக வேண்டும். முதலாவது கருத்தடை. ஏழு வயதில் செய்யலாமா என்பார்கள். ரத்தப் பரிசோதனை நன்றாக இருந்தால் தாராளமாகச் செய்யலாம். தெருவில் சுற்றும் ஆண் நாய்க்கு இனச்சேர்க்கையால் பரவும் ஒருவகைக் கட்டி வரும், உறுப்பில் ரத்தம் சொட்டும். வின்கிறிஸ்டின் ஊசி வாராவாரம் போட்டால் பெரும்பாலும் குணமாகிவிடும், ஆனால் அந்த அலைச்சல் எதற்கு? கருத்தடை செய்துவிட்டால் ஐப்பசி, கார்த்திகையில் நாலு நாள் காணாமல் போய்க் கிழிந்த காதோடு திரும்புவதும் குறையும். குட்டிக்கும் ஆறேழு மாதத்தில், முதல் பருவத்துக்கு முன்பே செய்துவிடுங்கள். வயதான பெட்டை நாய்களின் கர்ப்பப்பையில் சீழ் கோப்பது ஆபத்தான வியாதி, அது வராமலே போகும்.

ரெண்டாவது எலிக்காய்ச்சல் தடுப்பூசி. வெளியூர்க்காரர்களுக்கு இதை வற்புறுத்துவதைவிட நம் பக்கத்துக்காரர்களுக்கு அதிகம் வற்புறுத்துகிறேன். வயல் எலியின் சிறுநீர் தேங்கிய தண்ணீரில் கலக்கும், நாய் அதிலேயே இறங்கும், குடிக்கும். காய்ச்சல், வாந்தி, கண் மஞ்சள், சிறுநீரகம் கெடுவது என்று வேகமாகப் போகும். நாயிடமிருந்து வீட்டு ஆட்களுக்கும் வரலாம். முதல் தடவை மூன்று நான்கு வார இடைவெளியில் ரெண்டு ஊசி, பிறகு வருஷம் ஒன்று, முடிந்தால் மழைக்கு முன்னால். குட்டிக்கு ஆறிலிருந்து எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் சேர்ந்த ஊசியை ஆரம்பித்து, பதினாறு வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை. வெறிநோய் ஊசி மூன்றாம் மாதத்தில். குடற்புழு மருந்து மூன்று மாதம் வரை ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை. நாட்டுக்குட்டி வயிறு பானை மாதிரி இருந்தால் சாப்பாட்டுக் கொழுப்பு என்று சந்தோஷப்பட வேண்டாம், புழுதான்.

குட்டியை நேராக மணியின் திண்ணையில் கொண்டுபோய் இறக்காதீர்கள். பத்துப் பதினைந்து நாள் கொல்லையில் தனியாக வையுங்கள், ஏதாவது நோய் இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். அந்த நாட்களில் குட்டி படுத்த சாக்கை மணி பக்கமும் மணியுடையதைக் குட்டி பக்கமும் மாற்றிப் போடுங்கள். பிறகு ஒருநாள் மணியைப் பாமணி ஆற்றங்கரைப் பக்கம் பெல்ட்டில் நடத்திப் போங்கள், குட்டியை மகன் தூக்கிக்கொண்டு தள்ளி வரட்டும். தன் வாசலாக இல்லாத இடத்தில் மணிக்குக் காக்க ஒன்றும் இருக்காது. அப்புறம் ரெண்டையும் சேர்ந்தே வீட்டுக்கு அழைத்து வாருங்கள். தட்டு வேறு, இடம் வேறு. முதல் கைப்பிடி எப்போதும் போல மணிக்குத்தான், அதில் மாமியார் மாற மாட்டார், மாறவும் வேண்டாம். குட்டி காதைக் கடித்தால் மணி ஒரு உறுமல் விடும். விடட்டும், குட்டிக்கு அந்தப் படிப்புத் தேவை. மணி எழுந்து போய்ப் படுக்க ஓர் இடம், குட்டி ஏற முடியாத உயரத்தில், இருக்கட்டும்.

சாப்பாட்டுக்கு வெறும் மோர்ச்சோறு போதாது. அரிசியை நாய் நன்றாகச் செரிக்கும், அதில் தப்பில்லை. கூட ஒரு முட்டையோ, முள் நீக்கிய அவித்த மீனோ, கோழி ஈரலோ சேர வேண்டும். வெங்காயம் போட்ட குழம்பை ஊற்ற வேண்டாம், அது ரத்த அணுக்களை உடைக்கும். பாயசத்துத் திராட்சையும் சாக்லெட்டும் கூடாது. வெந்த கோழி எலும்பு ஊசி மாதிரி உடையும், அதையும் தவிருங்கள்.

வயல் பக்கம் ரெண்டு ஆபத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். எலிக்கு வைக்கும் துத்தநாகப் பாஸ்பைடு மருந்தை நாய் தின்றுவிட்டால் சோறோ பாலோ முட்டையோ கொடுக்காதீர்கள். வயிற்று அமிலம் சுரக்கச் சுரக்க விஷவாயு கூடும். வாந்தியில் பூண்டு வாடையோ அழுகிய மீன் வாடையோ வரும், அதை நீங்களும் முகரக் கூடாது, காரில் போனால் ஜன்னலைத் திறந்து வையுங்கள். மருந்துப் பொட்டலம் கிடைத்தால் கையோடு எடுத்து வாருங்கள். இன்னொன்று பாம்பு. வரப்பில் கண்ணாடி விரியன், வைக்கோல் பக்கம் நல்லபாம்பு. முகமோ காலோ திடீரென்று வீங்கினால், எச்சில் வழிந்து தள்ளாடினால், கயிறு கட்டாமல், கீறாமல், நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள். மனிதர்களுக்குப் போடும் அதே விஷமுறிவு மருந்துதான் நாய்க்கும். முன்கூட்டியே எங்கே அந்த மருந்து இருப்பு இருக்கிறது என்று விசாரித்து எண்ணை எழுதி ஒட்டிவையுங்கள். ஒரத்தநாட்டில் 2012-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை உங்களுக்கு எட்டும் தூரம்தான்.

இந்த வாரத்தில் ஒருநாள் காலையில், சோறு வைப்பதற்கு முன்னால், மணியைக் கொண்டுவந்து காட்டுங்கள். பழைய ஊசி அட்டை இருந்தால் அதுவும், அன்று காலை போன மலத்தில் கொஞ்சம் ஒரு டப்பாவிலும் வேண்டும். பல் பார்க்கும்போது வலியில் கடிக்கலாம், ஆகவே பழைய வேட்டித் துணியைக் கிழித்து வாயைக் கட்ட ஒரு நாடா எடுத்து வாருங்கள். மகளை அன்றைக்கு வீட்டிலேயே விட்டுவிடுங்கள், மகன் வரட்டும். குட்டி எடுப்பது மணியின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்த பிறகு.